உருளைக்கிழங்கு கறியா, சோறா? – வாசகர் கேள்விகளும் உணவியல் ஆலோசகரின் பதில்களும்

சென்ற இதழில் நீரிழிவு உள்ளவர்களின் மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதியபோது, உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. கிழங்கையே வீட்டுக்குள் விடுவதில்லை என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்து உண்மையில் வருந்தினேன். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் உருளைக்கிழங்குக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. என் கணவருக்கு வயது 52. மூன்று மாதங்களுக்கு முன்பு இரத்தப் பரிசோதனையில் இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. அவருக்கு உருளைக்கிழங்குப் பெரட்டல் என்றால் உயிர். கிழங்கைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். இப்போது சோறு, ரசம், கொஞ்சம் கீரை மட்டும் போடுகிறேன். அவர் தட்டைப் பார்த்து முகம் வாடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நான் செய்வது சரிதானா? – வாசகி, செந்தூல்

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது, அம்மா. ஆனால் தட்டிலிருந்து நீங்கள் எடுத்துவிட்ட பொருளைவிட, தட்டில் விட்டுவைத்திருக்கும் பொருளைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன். பெரட்டல் இல்லாத குறையை, ரசத்தில் பிசைந்த இன்னும் இரண்டு கரண்டிச் சோறு ஈடுசெய்கிறதா? அப்படியென்றால் அவருடைய இரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறைந்திருக்காது, கூடியிருக்கவும் கூடும்.

அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 87 கலோரியும் 20 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரியும் 28 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் கிழங்கு சோற்றைவிட இலேசானது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்தான். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் பொட்டாசியம், கிழங்கில் 380 மில்லிகிராம் அளவுக்கு இருக்க, சோற்றில் 35 மில்லிகிராம்தான் இருக்கிறது. வாழைப்பழத்தில்கூட 100 கிராமுக்கு 360 மில்லிகிராமை ஒட்டித்தான் உண்டு. வைட்டமின் சி கிழங்கில் 13 மில்லிகிராம். சோற்றில் அது அறவே இல்லை. இவ்வளவு சத்துள்ள ஒரு பொருளை விலக்கிவிட்டு, அதைவிடச் சத்துக் குறைந்த வெள்ளைச் சோற்றை அப்படியே வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிறகு ஏன் கிழங்குக்கு இந்தக் கெட்ட பெயர்? ஒரு நாள் என் ஆலோசனை அறைக்கு வந்த பெரியவர் ஒருவர், அன்றைய மதியச் சாப்பாட்டை எனக்குக் காட்டுவதற்காக அடுக்குச் சட்டியைத் திறந்து மேசைமேல் வரிசையாக வைத்தார். அடிச் சட்டி நிறைய அழுத்தி வைத்த சோறு. அடுத்ததில் கிழங்கு போட்ட பருப்புக் குழம்பு. மேல் சட்டியில், ஓரமெல்லாம் சிவந்த எண்ணெய் கசிந்து நின்ற உருளைக்கிழங்குப் பெரட்டல். அதன்மேல் இரண்டு அப்பளம். "எல்லாம் காய்தானே அம்மா, இறைச்சி ஒரு துண்டுகூட இல்லையே" என்றார். அவர் ஏமாற்றவில்லை, நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணியிருக்கிறோம். அந்த மூன்று சட்டியிலும் இருந்தது மாவுச்சத்து, அதாவது சோறும் சோற்றின் தம்பியும். உருளைக்கிழங்கை நாம் கறி வரிசையில் உட்கார வைத்துவிட்டோம், ஆனால் அதற்குரிய இடம் சோற்று வரிசை.

நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு செப்பாரு' தட்டை நீங்கள் கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு போன்ற மாவுப் பொருள், கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம், பாதி காய்கறியும் பழமும். உருளைக்கிழங்கு அந்த முதல் கால் பங்கில் வர வேண்டும். கோழி முட்டை அளவுள்ள ஒரு கிழங்கைத் தட்டில் வைக்கும் நாளில், குவித்து எடுத்த மூன்று மேசைக்கரண்டிச் சோற்றைக் குறைத்துவிடுங்கள். அவருக்கு மிகவும் ஆசையாக இருக்கும் நாளில் சோற்றை முழுவதுமாக விட்டுவிட்டு, நடுத்தரக் கிழங்கு ஒன்றைப் பெரட்டலாகச் செய்து, பக்கத்தில் மீனும் தட்டுப் பாதிக்குக் காய்கறியும் வைத்துக் கொடுங்கள்.

கிழங்குக்காகப் பரிந்து பேசுகிறேன் என்பதற்காக மறுபக்கத்தை மறைக்க மாட்டேன். உருளைக்கிழங்கின் மாவு விரைவாகச் செரித்து, இரத்தத்தில் விரைவாகச் சர்க்கரையாக ஏறக்கூடியது. அதிலும் சுடச்சுட மசித்த கிழங்கு மிக விரைவாக ஏற்றும். ஆகவே அளவு முக்கியம், கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஆனால் சமைக்கும் முறைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. 2025ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்காவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. வாரத்துக்கு மூன்று முறை கிழங்குப் பொரியல், அதாவது நாம் துரித உணவுக் கடைகளில் வாங்கும் பிரெஞ்சு பிரைஸ், சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. அவித்தும் வாட்டியும் மசித்தும் சாப்பிட்டவர்களிடம் அத்தகைய குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. கிழங்குக்குப் பதிலாக முழுத் தானியத்தைச் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு குறைகிறது என்றும், வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டால் கூடுகிறது என்றும் அதே ஆய்வு கூறியது. உங்கள் அக்கம்பக்கத்தாருக்கு இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

பெரட்டலை இப்படிச் செய்து பாருங்கள். கிழங்கைத் தோலோடு முழுதாக அவித்து ஆறவிட்டு, உரித்து நறுக்குங்கள். அதே அளவுக்குப் பயற்றங்காயையும் நறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, மசாலையைத் தண்ணீர் தெளித்து வதக்கிய பிறகு காய்களைப் போட்டுப் பிரட்டுங்கள். கிழங்கு ஏற்கெனவே வெந்திருப்பதால் எண்ணெயைக் குடிக்காது. வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பார்த்து எழுதி வையுங்கள். சோறு சாப்பிட்ட நாளையும் கிழங்கு சாப்பிட்ட நாளையும் ஒப்பிட்டால், யாருடைய சொல்லையும் நம்பிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அவர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தால், மாவுப் பொருளைத் திடீரென்று பாதியாகக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து பழைய அளவிலும் சாப்பாடு புதிய அளவிலும் இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரக்கூடும்.

நம் சமூகத்துக்கு இது எவ்வளவு நெருக்கமான பிரச்சினை என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்ற அளவை நெருங்கும் இந்த எண்ணுக்கு ஒரு கிழங்கைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது. மங்கு நிறையப் போடும் சோற்றைக் கேள்வி கேட்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

கேள்வி: நான் பிரிக்பீல்ட்ஸில் தங்கி வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கை முதல்நாள் இரவே அவித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இதில் உண்மை உண்டா? – வாசகர், 29 வயது

பதில்: உண்மை உண்டு, ஆனால் 'ஏறாது' என்பது மிகை, 'குறைவாக ஏறும்' என்பதே சரி. கிழங்கு வேகும்போது அதிலுள்ள மாவு மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, இறுக்கம் தளர்கின்றன. நம் குடலில் சுரக்கும் நொதிகள் அந்தத் தளர்ந்த மாவை எளிதில் வெட்டிச் சர்க்கரையாக்கிவிடும். கிழங்கு குளிர்ந்து கிடக்கும்போது அந்த மாவின் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி இறுகிவிடுகிறது. வீட்டிலேயே இதைக் கையால் உணரலாம். சூடான கிழங்கில் கத்தியை வைத்தால் உதிர்ந்து மசியும். இரவெல்லாம் குளிர்ந்த கிழங்கோ ஆப்பிள் போல் துண்டு துண்டாக, ஓரம் கலையாமல் வெட்டுப்படும். அப்படி இறுகிய மாவின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்தைப் போலப் பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டு பியூட்டிரேட் என்னும் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதுதான் பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முக்கியமான உணவு. சோறும் குளிர்ந்து கிடக்கும்போது இதே மாற்றத்தைக் கொஞ்சம் அடைகிறது.

மறுநாள் இலேசாகச் சூடுபடுத்தினாலும் இந்தப் பயனில் ஒரு பங்கு நிலைத்திருக்கும். எலுமிச்சைச் சாறு அல்லது காடி சேர்த்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் இன்னும் தணியும். தயிர், நறுக்கிய வெள்ளரிக்காய், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசறினால் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல அருமையான உணவு. ஆனால் அவித்த கிழங்கை இரவு முழுவதும் மேசைமேல் ஆறவிட்டுக் காலையில் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். குறிப்பாக அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கைத் தாளோடு அறைச் சூட்டில் விடவே கூடாது. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் அப்படி விடப்பட்ட கிழங்கால் பலர் ஒரே நேரத்தில் நோயுற்றார்கள்.

கேள்வி: எனக்கு வயது 67, முழங்கால் வலி உண்டு. உருளைக்கிழங்கு வாயு, மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று என் மாமியார் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக நான் கிழங்கு சாப்பிடுவதில்லை, வலியும் குறையவில்லை. – வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியே பாதிப் பதில். வயிற்றில் சேரும் காற்று மூட்டுக்குள் போவதற்கு உடலில் வழியில்லை. வயிற்று உப்புசம் என்று எடுத்துக்கொண்டாலும், குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும் வகைச் சர்க்கரைகள் உருளைக்கிழங்கில் மிகக் குறைவு. வயிறு எளிதில் உப்பும் நோயாளிகளுக்குக்கூட நாங்கள் அவித்த கிழங்கைப் பரிந்துரைப்பதுண்டு. கிழங்கோடு நாம் சேர்க்கும் கொண்டைக்கடலை, பருப்பு, வெங்காயம், பூண்டு ஆகியவைதாம் பெரும்பாலும் உப்புசத்துக்குக் காரணம். பழி மட்டும் கிழங்கின் மேல் விழுகிறது. கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் அவை மூட்டு வீக்கத்தைக் கூட்டும் என்றும் சிலர் சொல்வார்கள்; பொதுவாக எல்லாருக்கும் அப்படி ஆகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குறிப்பிட்ட ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்த்து, மீண்டும் சாப்பிட்டுப் பார்த்தால் போதும்.

மூத்தோரின் சொல்லில் எனக்கு மதிப்பு உண்டு. அந்தக் காலத்தில் கிழங்கு என்றால் எண்ணெயில் பொரித்து விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டதாகத்தான் இருந்திருக்கும். மறுநாள் உடம்பு கனத்ததும் உண்மையாக இருக்கும். முழங்கால் வலிக்கு உடல் எடையைப் பாருங்கள், தொடைத் தசைக்கு உரிய பயிற்சியை இயன்மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை ஒரு சிறு கிழங்கை அவித்து மிளகும் உப்பும் தூவிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: சந்தையில் வாங்கிய கிழங்கு நான்கு நாளில் முளைத்துவிடுகிறது, சில கிழங்குகள் பச்சையாகிவிடுகின்றன. வீசிவிட மனம் வரவில்லை. பச்சைப் பகுதியை வெட்டிவிட்டுச் சமைக்கலாமா? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், கிழங்கைப் பற்றிய எச்சரிக்கைகளில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது இதுதான்.

கிழங்கில் வெளிச்சம் படும்போது, தான் ஒரு தண்டு என்பதை அது நினைவுகூர்கிறது என்று சொல்லலாம். ஆம், உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால்தான் அதில் கண்கள் இருக்கின்றன, முளையும் விடுகிறது. வெளிச்சத்தில் தோலின்கீழ் பச்சையம் உருவாகிறது. பச்சையம் தீங்கற்றது, கீரையில் இருப்பதும் அதுவே. ஆனால் அதே வெளிச்சம் சோலனின், சாக்கோனின் என்னும் நச்சுப் பொருள்களையும் கூட்டிவிடுகிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒரு கிலோ கிழங்கில் இந்த நச்சுகள் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அதிகமானால் வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை வரும். அவித்தாலும் வறுத்தாலும் இவை அழிவதில்லை என்பதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். நகக் கண் அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் பச்சை, கிழங்கு கல் போல் கெட்டியாக இருக்கிறது, முளை இப்போதுதான் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது என்றால், அந்த இடத்தையும் கண்களையும் ஆழமாகத் தோண்டி எடுத்து, தோலைத் தடிப்பாகச் சீவிவிட்டுச் சமைக்கலாம். கிழங்கின் பெரும்பகுதி பச்சையாகிவிட்டது, அழுத்தினால் உள்வாங்குகிறது, தோல் சுருங்கி முளை விரல் நீளம் வந்துவிட்டது என்றால் தயங்காமல் வீசிவிடுங்கள். சமைத்த பிறகு கசப்போ தொண்டையில் எரிச்சலோ தெரிந்தால் அந்தக் கறியை யாருக்கும் கொடுக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும்.

நம் ஊர் வெயிலில் கிழங்கு நீண்ட நாள் நிற்காது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஞெகிழிப் பையிலிருந்து எடுத்துக் காகிதப் பையிலோ பிரம்புக் கூடையிலோ போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். கடையில் பளிச்சென்ற விளக்கின்கீழ் குவித்திருக்கும் கிழங்கில் மேலே உள்ளதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். எடை குறைக்க வேண்டும். உருளைக்கிழங்கு உடம்பைப் பருக்க வைக்குமா? – வாசகி, செத்தாப்பாக்

பதில்: தங்கையே, 1995இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 வகை உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது வயிற்றை நீண்ட நேரம் நிறைவாக வைத்திருக்கிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323 கிடைத்தது. 38 உணவுகளிலும் அதுவே முதலிடம். ஆனால் அதே கிழங்கைக் குச்சியாக வெட்டி எண்ணெயில் பொரித்தால் 100 கிராமுக்கு 310 கலோரியைத் தாண்டும், மெல்லிய சிப்ஸாக்கிப் பொட்டலத்தில் அடைத்தால் 530 கலோரியை ஒட்டிவிடும். மாலையில் ஒட்டுக்கடையில் வாங்கும் கறிபாப்பிலும் உள்ளே இருக்கும் கிழங்கைவிட, வெளியே இருக்கும் மைதாவும் அது குடித்த எண்ணெயும்தான் கணக்கைக் கூட்டுகின்றன. அவித்த கிழங்கு ஒன்றையும் ஒரு முட்டையையும் மதிய உணவாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பிரைஸ் இல்லாமல் சாப்பிட உட்காருவதே இல்லை. இப்போது காற்றில் பொரிக்கும் ஏர் பிரையர் வாங்கி வீட்டிலேயே செய்து தருகிறேன். இது பாதுகாப்பானதா? – வாசகி, கெப்போங்

பதில்: கடையில் வாங்குவதைவிட நல்லது, எண்ணெயும் உப்பும் உங்கள் கையில் இருக்கின்றன. இருந்தாலும் எண்ணெய் குறைந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மாவுப் பொருளை 120 பாகை செல்சியசுக்கு மேல் ஈரமின்றிச் சூடாக்கும்போது அக்ரிலமைட் என்னும் வேதிப்பொருள் உருவாகிறது. உணவில் இது இருப்பதை 2002இல் சுவீடன் நாட்டினர் அறிவித்தபோது உலகமே கவனித்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதர்கள் உணவின் வழி உட்கொள்ளும் அளவில் என்ன ஆகிறது என்பது இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை. குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஏர் பிரையரிலும் கிழங்கு கருகினால் அது உருவாகத்தான் செய்யும்.

வெட்டிய குச்சிகளை 15 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள். தண்ணீர் பால் போல் கலங்கும். மேல்பரப்பில் உள்ள மாவும், அக்ரிலமைட் உருவாகக் காரணமான சர்க்கரையும் அதில் இறங்கிவிடும். துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, இளம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். பழுப்பு நிறம்தான் மொறுமொறுப்பு என்று பிள்ளைக்குப் பழக்காதீர்கள். பொரிப்பதற்கென்று வைத்திருக்கும் சமைக்காத கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, சூட்டில் விரைவாகக் கருகும். அவித்த பிறகு பெட்டியில் வைப்பது வேறு, அதைத்தான் பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்குச் சொன்னேன். பிரைஸை வாரத்துக்கு ஒரு நாளாக்கி, மற்ற நாளில் கிழங்கை மசித்து மீனோ கோழியோ கலந்து, பெர்கெடில் போலத் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டுக் கொடுங்கள். பிள்ளையையே தட்டச் சொல்லுங்கள். தன் கையால் தட்டியதைக் குழந்தைகள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

கேள்வி: உருளைக்கிழங்கை விட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு மாறலாமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மாறி மாறிச் சாப்பிடலாம். இரண்டும் உறவே இல்லாத வெவ்வேறு செடிகள். கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு, உருளைக்கிழங்கில் அது இல்லை. ஆனால் சர்க்கரைவள்ளியை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பதை வாங்கிவிட்டு உடல்நலத்துக்கு மாறிவிட்டோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்கிறோம். உருளைக்கிழங்கு உடலுக்கு நல்லது என்று படித்துவிட்டுத் தினமும் கொடுத்துவந்தேன். போன மாதம் பொட்டாசியம் அதிகமாகிவிட்டது என்று தாதி கண்டித்தார். என் தவறா? – வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, அன்பினால் செய்தீர்கள், வருந்த வேண்டாம். ஆனால் இன்றே நிறுத்த வேண்டியது அது. மேலே நான் புகழ்ந்து எழுதிய அதே பொட்டாசியம், சிறுநீரகம் வெளியேற்ற முடியாதபோது இரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மற்றவர்களுக்கு நன்மை செய்யும் உணவு உங்கள் அப்பாவுக்கு ஆபத்தாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அவருடைய அடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வந்து, சுத்திகரிப்பு நிலையத்தின் உணவியல் நிபுணரும் ஒப்புக்கொண்டால், எப்போதாவது ஒரு சிறு அளவு கொடுக்கலாம். அதற்கும் முறை உண்டு. தோலை முழுவதும் சீவி, கட்டை விரல் நகம் அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட வேண்டும். இப்படிச் செய்தால் பொட்டாசியத்தில் ஏறத்தாழ பாதி வெளியேறிவிடும். சமைக்காத கிழங்கை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஊறவைப்பது மட்டும் போதாது, கொதிக்க வேண்டும். ஆவியில் வேகவைப்பதும் சுடுவதும் அப்பாவுக்கு ஏற்றவையல்ல. குழம்பில் கிழங்கைப் போட்டு வேகவைத்தால் வெளியேறிய பொட்டாசியம் குழம்பிலேயே இருக்கும், ஆகவே அந்தக் குழம்பையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஆண்டுதோறும் நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறோம். மூட்டை மூட்டையாக வரும் கிழங்கை முதல்நாள் இரவே சீவி நறுக்கி அண்டாத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம். சத்து போய்விடுகிறது, தோலில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று ஒருவர் குறை சொன்னார். என்ன செய்யலாம்? – வாசகர், பினாங்கு

பதில்: தோலில்தான் எல்லாம் என்பது சரியன்று. நார்ச்சத்தில் ஒரு நல்ல பங்கும் இரும்புச்சத்தில் கொஞ்சமும் தோலில் இருக்கின்றன. வைட்டமின் சி, பொட்டாசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி உள்ளே உள்ள சதையில்தான் இருக்கிறது. ஆனால் நறுக்கி இரவெல்லாம் தண்ணீரில் போட்டால் வைட்டமின் சி அந்தத் தண்ணீரில் கரைந்து போய்விடும். இந்தச் சத்தை அற்பமாக எண்ணாதீர்கள். ஏழை மக்கள் கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்த அயர்லாந்தில், 1845இல் தொடங்கிய பயிர் நோயில் கிழங்கு அழுகிப் போனபோது, பசியோடு ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயும் மக்களிடையே தலைகாட்டியது. அதுவரை அந்த நோயைத் தடுத்து நின்றது தினமும் சாப்பிட்ட கிழங்கிலிருந்த வைட்டமின் சிதான்.

முதல்நாள் இரவில் கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தோலோடு முழுதாக அவித்து, உரித்து நறுக்கிச் சமையுங்கள். வெந்த கிழங்கின் தோல் கையோடு வந்துவிடுவதால், கத்தி பிடித்துச் சீவும் ஆட்களும் அவ்வளவு தேவைப்படாது. சீவித்தான் வைக்க வேண்டும் என்றால் நறுக்காமல் முழுக் கிழங்காகத் தண்ணீரில் போடுங்கள். சத்து இழப்பு அந்த அளவுக்குக் குறையும்.

அன்னதானத்தில் சத்தைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தேங்காய்ப்பால் ஊற்றிய கிழங்குக் குருமா, வெயிலில் மூடிவைத்த அண்டாவுக்குள் விரைவாகக் கெட்டுவிடும். ஒரே முறையாகக் காலையில் சமைத்து மாலைவரை பரிமாறாமல், இரண்டு மூன்று முறையாகப் பிரித்துச் சமைத்து, ஒவ்வோர் அண்டாவும் இறக்கிய நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்படி பாருங்கள். நடந்து வரும் பக்தர்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். குருமாவில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், சோறு போடும் தம்பியிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய வெள்ளரிக்காயும் கீரைப் பொரியலும் வையுங்கள்.